கோயில் சுவரில் ஊர்க் கணக்கு: பிள்ளைகளோடு கல்வெட்டு படித்த பதிவு

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் அடித்தளத்திலும் சுவரிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் சில இருக்கின்றன. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைத் தாங்களே படிக்க வேண்டும், அதில் வரும் நிலங்களை இன்றைய ஊர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். இதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட வேலை. ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில், வாய்க்கால்களுக்கு நடுவே இருக்கிறது. சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கிற கோயில் இல்லை. நான் கிளை நூலகத்தில் வார இறுதியில் பிள்ளைகளோடு உட்காருகிறவன். பள்ளியிலிருந்து சமூக அறிவியல் ஆசிரியை ஒருவரும் கணக்கு ஆசிரியர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். கணக்கு ஆசிரியர் வந்து சேர்ந்தது தற்செயல்தான். அவர் இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்றிருக்கும்.

ஊர் வரலாறு சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிற பலரும் பெருமையில் தொடங்குகிறார்கள். ‘நம் ஊருக்கு ஆயிரம் வருடப் பழமை, மன்னர் வந்து போன மண்’ என்று சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். அதற்கு மேல் அவர்கள் கேட்க என்ன இருக்கிறது? கல்வெட்டில் பெரும்பாலும் இருப்பது கணக்கு. யார் கொடுத்தது, எவ்வளவு நிலம், எந்த வாய்க்காலுக்கு வடக்கே, எத்தனை ஆடு, தினம் எவ்வளவு நெய். கணக்கைச் சரிபார்க்கலாம், சண்டை போடலாம், தப்பென்று நிரூபிக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது போதும். மன்னரைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கிலிருந்து தொடங்கினோம்.

முதலில் காகித வேலை

கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. அதனால் தலைமையாசிரியர் கையெழுத்தோடு செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கடிதத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதைவிட என்ன செய்ய மாட்டோம் என்பதைத்தான் விரிவாக எழுதினோம். எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்க்க மாட்டோம், மாவோ சுண்ணாம்போ பூச மாட்டோம், கம்பித் தூரிகையும் அமிலமும் கிட்டே வராது, பூசை நேரத்தில் இடைஞ்சல் செய்ய மாட்டோம். அந்தப் பட்டியல்தான் அனுமதி வாங்கித் தந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது, இந்தக் கல்வெட்டுகளை ஏற்கெனவே யாராவது படித்திருக்கிறார்களா என்று பார்ப்பது. தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 தொடங்கி வெளிவந்திருக்கின்றன. மாவட்டம், வட்டம், ஊர் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். முழுப் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் கிடைக்கும். அதன் முதல் தொகுதி 1890-இல் வந்தது. எங்கள் கோயிலின் கல்வெட்டுகள் சில அந்தத் தொகுதிகளில் அச்சாகியிருந்தன. அந்தப் பக்கங்களை நகலெடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் தாங்களாகப் படித்து முடிக்கும்வரை உறையைத் திறப்பதில்லை என்று ஒப்பந்தம். விடை அச்சில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கல்லை யார் பார்ப்பார்கள்? கண் தாளுக்குத்தான் போகும்.

புள்ளி இல்லாத தமிழ்

சோழர் காலத் தமிழ் எழுத்து, பார்த்தவுடன் படிக்க முடியாத அளவுக்கு அந்நியமானதில்லை. பாதி எழுத்துகள் முகம் காட்டிவிடும். குழப்புவது வேறு மூன்று சங்கதிகள். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இருக்காது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. இதோடு நெடிலுக்கு வரும் கால் குறியும் ‘ர’ எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். ‘கா’ என்று படிப்பதா, ‘கர’ என்று படிப்பதா என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

இதை விளக்கிக்கொண்டிருக்காமல் ஒரு பயிற்சி கொடுத்தோம். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி நான்கு வரி, புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும். ‘எனவீடடுககுபபினனாலஒருகுளமஇருககிறது’ என்று ஒருவன் எழுதியதை அடுத்தவள் திக்கித் திணறிப் படித்து முடித்தபோது வகுப்பே சிரித்தது. ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வயதில் பெரியவர்களிடம் இதே பயிற்சியைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எரிச்சலாகித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இது ரகசிய எழுத்து.

அப்புறம் எழுத்து அட்டவணை. க, த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ப, ய இரண்டும் அப்படித்தான். தொடக்கத்தில் வரும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ கிரந்த எழுத்தில் இருக்கும். அதை ஒரு படமாகவே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். எங்கே அந்தப் படம் தெரிகிறதோ அங்கே ஒரு கல்வெட்டு தொடங்குகிறது. முதல் நாள் கோயிலுக்குப் போனபோது யாரும் எதையும் படிக்கவில்லை. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடும் வேலை மட்டும்தான்.

சிமெண்டுப் பலகை

கல்வெட்டைத் தாளில் படியெடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆனால் பழகும் கை ஆயிரம் வருடக் கல்லில் பழகக் கூடாது. அதனால் எங்களுக்கென்று கல்வெட்டுகள் செய்துகொண்டோம்.

மரச்சட்டம் அடித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல் கலந்து ஊற்றி, மேலே மட்டப்பலகையால் இழுத்துவிட வேண்டும். உடனே எழுதினால் கோடு மூடிக்கொள்ளும். இறுகியபிறகு எழுதினால் ஓரம் உதிரும். நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கிற பதம் ஒன்று இருக்கிறது, அதுதான் எழுதும் நேரம். பெரிய ஆணியை வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு எழுதினார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்டினோம். என்ன எழுதுவது என்பதை அவர்களிடமே விட்டோம். ஒருத்தி வீட்டுப் பசுக்களின் கணக்கை எழுதினாள். ஒருவன் தன் தம்பி உடைத்த சாமான்களின் பட்டியலை, யாண்டு நாள் எல்லாம் போட்டு எழுதினான். எழுத்தின் ஆழம், வரி கோணுவது, கடைசி வரியில் இடம் போதாமல் எழுத்து குறுகுவது எல்லாம் கைப்பட்டபிறகு, கோயில் சுவரில் அதே அடையாளங்களை அவர்களாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள். கல் தச்சரும் இடம் போதாமல் நெருக்கித்தான் எழுதியிருக்கிறார்.

வெளிச்சம்

தேய்ந்த கல்லைப் படிக்க வெளிச்சம் முக்கியம், அதைவிட முக்கியம் அது வருகிற கோணம். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் எழுத்து மறைந்துவிடும். சுவரை உரசிக்கொண்டு சாய்வாக வரும் வெளிச்சத்தில் பள்ளத்தின் ஒரு கரை நிழலாகி எழுத்து எழும்பித் தெரியும். மேற்குச் சுவருக்கு உச்சிவேளை தாண்டியதும் அந்த வெயில் கிடைக்கும். கிழக்குச் சுவருக்கு உச்சிக்குச் சற்று முன். வடக்குச் சுவர்தான் வித்தியாசமானது. எங்கள் பகுதி 11 பாகை அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், உச்சிவேளைச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்வது சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரைதான். மற்ற மாதங்களில் நடுப்பகல் வெயில் அந்தச் சுவரைத் தொடாது. இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. வடக்குச் சுவரில் ஏன் எழுத்து தெரியவில்லை என்று ஒரு பெண் கேட்டாள். அறிவியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டு, படம் வரைந்துகொண்டு வந்து எங்களுக்கு விளக்கினாள்.

வெயில் இல்லாத இடத்தில் டார்ச். ஒருவர் சுவரோடு ஒட்டிப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. இடமிருந்து அடித்தால் நிற்கும் கோடுகள் தெரியும், மேலிருந்து அடித்தால் படுத்த கோடுகள் தெரியும். இரண்டிலும் படம் எடுத்துவைத்தோம். கைப்பேசியில் படத்தை நெகட்டிவாக மாற்றினால் சில எழுத்துகள் பளிச்சென்று வரும். ஆனால் படத்தை மட்டும் வைத்துப் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொரிந்துபோன கல்லின் பள்ளமும் எழுத்தின் பள்ளமும் படத்தில் ஒன்றாகிவிடும்.

படியெடுத்தது

படியெடுப்பதில் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற ஒருவர் வந்து கற்றுக்கொடுத்தார். முறை இதுதான். கல்லை மெல்லிய தூரிகையால் தூசி தட்டித் தண்ணீரால் கழுவ வேண்டும். மழமழப்பு இல்லாத, தண்ணீரைக் குடிக்கக்கூடிய மேப்லித்தோ தாளை நனைத்து, மேலிருந்து கீழாகச் சுவரில் படியவிட வேண்டும். உள்ளே மாட்டிய காற்றை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். பிறகு அடர்த்தியான மயிர்த் தூரிகையால், சுவருக்கு நேர்குத்தாக, தட்டிக்கொண்டே போக வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். கிழிந்தால் ஈரத்தோடு ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். தாள் முக்கால்வாசி காய வேண்டும், முழுக்கக் காயக் கூடாது. மை என்பது விளக்குக் கரியும் வேலம்பிசினும் தண்ணீரும் சேர்ந்தது. அதைத் தட்டில் பரப்பி, பஞ்சை உள்ளே வைத்துத் துணியால் கட்டிய ஒற்றியில் தொட்டு, பழைய தாளில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு சுவர்த் தாளில் லேசாக ஒற்ற வேண்டும். ஒரே தடவையில் கறுப்பாக்க ஆசைப்பட்டால் மை தாளைத் தாண்டிக் கல்லில் இறங்கிவிடும். பல தடவை, மெல்ல மெல்ல. மேடான இடமெல்லாம் கறுக்கும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கும்.

சிமெண்டுப் பலகையில் நன்றாகக் கைவந்தவர்களை மட்டும், பெரியவர் பக்கத்தில் நிற்க, கோயில் சுவரில் ஒரு சிறு பகுதி எடுக்கவிட்டோம். காலை வெயில் விழாத மேற்குப் பக்கத்தில், விடிந்ததும். வெயிலில் வைத்தால் தாள் ஓரம் காய்ந்து சுருண்டுகொள்கிறது. உரித்தெடுத்த தாளின் பின்னால் ஊர், கோயில், எந்தச் சுவர், எந்த வரி, எந்தத் தேதி எல்லாம் அங்கேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எழுத மாட்டோம்.

மற்றப் பகுதிகளைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள். கல்வெட்டில் எத்தனை வரியோ தாளிலும் அத்தனை வரி. சிதைந்த இடத்தில் புள்ளிகள். சந்தேகமான எழுத்துக்குச் சதுர அடைப்புக்குறி. ஊகித்து நிரப்பக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

தொண்ணூறு ஆடு

முதலில் முழுதாகப் படிக்க முடிந்த கல்வெட்டு ஒரு விளக்குக் கொடை. இரவும் பகலும் எரிகிற ஒரு நந்தாவிளக்குக்கு 90 ஆடு. தினம் ஓர் உழக்கு நெய். ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை. ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடரைக் கேட்டதும் ஒருவன், “சாவாத ஆடு எங்க சார் இருக்கு?” என்றான். ஆடு செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஆட்டை ஏற்றுக்கொண்டவரின் பொறுப்பு. முதல் அப்படியே இருக்கும், அதிலிருந்து வருவதில் விளக்கு எரியும். கணக்கு ஆசிரியர் அன்றைக்கு வட்டிப் பாடத்தை இதிலேயே நடத்தி முடித்தார்.

நான்கு உழக்கு ஒரு நாழி. 365 நாளுக்கு 365 உழக்கு என்றால் 91¼ நாழி. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம், ஆக 96 நாழி ஒரு கலம். வருடத்துக்கு ஒரு கலத்துக்குச் சற்றுக் குறைவான நெய். 90 ஆடு இதைக் கொடுக்குமா? ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் அதுவரை வாயே திறக்காதவன். “மந்தையில எல்லா ஆடும் ஒரே நேரத்துல பால் கொடுக்காது சார். குட்டி குடிச்சது போக மிச்சம்தான்” என்று தொடங்கி, எத்தனை ஆடு கறவையில் இருக்கும், எவ்வளவு பால், எவ்வளவு நெய் என்று பலகையில் எழுதிக் காட்டினான். அவன் கணக்குப்படி உழக்கு நெய் போக இடையருக்கும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று வருகிறது. அந்த ஆறு ஆடு ஏன் கூடியது என்று அவர்கள் இன்னமும் வாதம் செய்கிறார்கள்.

காலம் கணிப்பதிலும் இதே மாதிரி ஓர் இழுபறி. கல்வெட்டில் ‘கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு’, அதாவது பரகேசரி என்ற பட்டமுள்ள மன்னரின் ஆட்சியாண்டு, என்று மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்கு அது ராஜராஜனாக இருக்க வேண்டும். ஆனால் சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள்; 985-இல் ஆட்சிக்கு வந்த ராஜராஜன் இராசகேசரி. ‘மதிரை கொண்ட’ என்று இருந்திருந்தால் முதல் பராந்தகன் என்று சொல்லலாம், அதுவும் இல்லை. ‘திருமன்னி வளர’ என்று தொடங்கும் ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியும், அதாவது மன்னரின் புகழைச் சொல்லும் தொடக்க வரிகளும், இல்லை. எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்து ‘10-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம்’ என்று அட்டையில் எழுதினோம். ஊர்க்காரர் ஒருவர் வந்து, “ராஜராஜன்னே போட்டுடுங்களேன், என்ன குறைஞ்சிடும்?” என்றார். ஒரு எட்டாம் வகுப்புப் பெண் அவரை உட்காரவைத்து, பரகேசரி என்றால் என்ன என்று விளக்கிவிட்டாள். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம்

நிலக்கொடை சொல்லும் கல்வெட்டுதான் இந்த வேலையின் நடுமுதுகு. காவிரிப் பகுதிக் கல்வெட்டுகளில் நிலம் இருக்கும் இடத்தை இப்படிச் சொல்வார்கள்: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாங் கண்ணாற்று மூன்றாஞ் சதிரத்து இவ்வளவு குழி. வதி தெற்கு வடக்காக ஓடும், வாய்க்கால் மேற்கு கிழக்காக ஓடும். கண்ணாறு என்பது வாய்க்காலிலிருந்து பிரியும் சிறு கால். சதிரம் என்பது கட்டம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்ட உடனே, “சார், இது கிராஃப்!” என்றாள். கிராஃப்தான். வதியும் வாய்க்காலும் வெட்டிக்கொள்ளும் இடம் ஆதிப்புள்ளி. கிழக்கு, வடக்கு என்று சொல்லிவிட்டால் எந்தக் கால்பகுதி என்று தெரிந்துவிடும். கண்ணாறும் சதிரமும் இரண்டு எண்கள். பாடப் புத்தகத்தின் ஆயத்தொலை வடிவியல் பிள்ளைகளுக்கு அதுவரை எங்கோ ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வயலில் வந்து நின்றது.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடம் வாங்கி, கட்டத்தாளில் பெரிதாக்கினோம். அளவு மாற்றம் சுலபமில்லை. சோழர் காலத்தில் அளவுகோல் இடத்துக்கு இடம் மாறும். 12 சாண் கோலும் உண்டு, 16 சாண் கோலும் உண்டு. சில கோயில்களில் கோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டிவைத்திருப்பார்கள். எங்கள் கோயிலில் அப்படி எதுவும் தென்படவில்லை. அதனால் இன்றும் எங்கள் பக்கம் பேச்சில் இருக்கும் கணக்கையே எடுத்துக்கொண்டு, அது தோராயம்தான் என்று ஓரத்தில் எழுதினோம். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர்.

இங்கே வீட்டுப் பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். முக்கால், அரை, கால், அரைக்கால் வரை பிள்ளைகளுக்குத் தெரியும். மாகாணி என்றால் 1/16, மா என்றால் 1/20, முந்திரி என்றால் 1/320 என்பது யாருக்கும் தெரியாது. ஒருத்தியின் அப்பாயி முந்திரி வரைக்கும் வாய்ப்பாடாகவே சொன்னார். திண்ணைப் பள்ளியில் படித்த அவர் அப்பாவிடம் கேட்டுப் பழகியதாம். ‘கீழ்’ என்று முன்னால் போட்டால் இன்னும் ஒரு 320-ஆல் வகுக்க வேண்டும். கீழ் முந்திரி என்றால் 1/1,02,400. ஒரு வேலியில் கீழ் முந்திரி எவ்வளவு என்று கணக்கு ஆசிரியர் கேட்டார். 2,88,000 சதுர அடியை வகுத்தால் 2.8 சதுர அடி வருகிறது. தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்குக் கட்டம் போட்டு ஒருவன் ஏறி நின்றான். இரண்டு பேர் நிற்க முடியவில்லை. இவ்வளவு சின்ன இடத்துக்கும் கணக்கில் ஒரு பெயர் வைத்திருந்தார்களே என்று எல்லோரும் கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தார்கள்.

பெரியவர்களைப் பேட்டி எடுப்பதில் ஒரே ஒரு உத்தி. ‘பழைய கதை சொல்லுங்க’ என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது, அல்லது எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். வரைபடத்தை விரித்துவைத்து, ‘தாத்தா, இந்த மதகுக்கு என்ன பேரு? இந்தத் தண்ணி முதல்ல யார் வயலுக்குப் போகும்?’ என்று கேட்டால் போதும், விரல் தானாகப் படத்தில் ஓடும். கல்வெட்டில் வரும் வாய்க்காலின் பெயர் இன்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லையாகச் சொல்லப்பட்ட ஒரு வயலின் பெயர், கொஞ்சம் தேய்ந்த வடிவத்தில், இன்றும் நடவுக்கு ஆள் சொல்லும்போது புழங்குகிறது. அதைக் கண்டுபிடித்தது நடவுக்குப் போகும் ஒரு பாட்டி. கல்வெட்டில் எழுதியிருந்ததை அவர் பேத்தி படித்துக் காட்டியபோது, “அந்த வயக்காடா? அங்கதானே போன வாரம் களை எடுத்தோம்” என்றார். அந்த ஒரு பெயரிலிருந்து மற்ற எல்லைகளை நகர்த்திப் பொருத்தினோம்.

பேசாமல் தாண்ட முடியாத ஒரு பட்டியல்

வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஒரு பட்டியல் தருகின்றன: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி (கைவினைஞர் குடியிருப்பு), சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. பெருமையில் தொடங்குகிறவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். என் வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாண்டிப் போனால் அவர்கள் கவனிக்க மாட்டார்களா?

ஆசிரியையோடு முன்கூட்டியே பேசி இரண்டு முடிவு எடுத்தோம். பாடத்தை முழுதாகப் படிப்போம். இன்று எந்தத் தெரு என்று யாரையும் கேட்க மாட்டோம், எந்தப் பிள்ளையையும் பார்த்துச் சொல்லச் சொல்ல மாட்டோம். கேள்வியைக் கணக்கின் மேலேயே வைத்தோம்: இந்த இடங்களுக்கு வரி ஏன் இல்லை? விளைச்சல் இல்லாத இடம் என்பதால் கழித்திருக்கிறார்கள். அப்படியானால் வரி விலக்கு அங்கே குடியிருந்தவர்களுக்குக் கிடைத்த சலுகையா? இல்லை. அவர்கள் உழைத்த வயல் யார் பெயரில் இருந்தது? இந்தக் கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. ‘கொடுத்தவங்க பேரெல்லாம் இருக்கு, வேலை செஞ்சவங்க பேரு ஏன் சார் இல்ல?’ என்று ஒருவன் கேட்டான். அன்றைய குறிப்பேட்டில் இதைத்தான் தலைப்பாக எழுதினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ‘அந்த மன்னர் எங்க ஆளு’ என்று வீட்டில் கேட்டு வந்து சொல்லும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். இதற்கு நான் சண்டை போடுவதில்லை. “கல்லில் எந்த வரியில் இருக்கு, காட்டு” என்பதோடு சரி.

பாடப் புத்தகத்தில் வரும் உத்திரமேரூர்க் குடவோலையையும், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த முறையையும், இதே கண்ணோடு படித்தோம். முதல் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுப்படி, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் இடமில்லை. நம் ஊரில் யார் யார் தேறுவார்கள் என்று ஒவ்வொரு விதியாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கால் வேலி விதியிலேயே ஊர் பெரும்பாலும் காலியாகிவிட்டது. ஆனால் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்ற விதியை இன்றும் வைக்கலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

தஞ்சைக்குப் போனது

பெரிய கோயிலுக்கு ஒருமுறை கூட்டிப் போனோம். கோபுர உயரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை, நேராகச் சுவருக்குப் போய்விட்டார்கள். ‘நாங் குடுத்தனவும் நம்மக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ என்ற வரியைக் கண்டுபிடிக்கப் போட்டி. ‘நம்மக்கன்’ என்றால் நம் அக்கா. கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அவர்களை வெகுநேரம் பிடித்துவைத்தது. ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நம் ஊர் அருகிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று தேடினார்கள். வெயில் ஏறிவிட்டது, தரை சுட்டது, பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

உறையைத் திறந்தது

பிள்ளைகள் படித்ததையும் அச்சில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். விளக்குக் கல்வெட்டு ஏறக்குறைய சரி. நிலக் கல்வெட்டில் பல எழுத்துகள் மாறியிருந்தன. ஆனால் முக்கியமான சங்கதி வேறு: அச்சில் இருந்த கடைசி வரிகள் சுவரில் இல்லை. கல் தேயவில்லை. பிற்காலத்தில் பிராகாரத்தைச் சிமெண்டு போட்டு உயர்த்தியபோது கீழ்வரிசை தரைக்குள் போய்விட்டது. அன்றைக்குப் படியெடுத்தவர் பார்த்த வரிகளை நாங்கள் பார்க்க முடியாது. வேறு கோயில்களில் சுத்தம் செய்வதற்காக மணலை வேகமாகப் பீய்ச்சியடித்ததில் எழுத்து போன சுவர்களின் படங்களையும் அப்போதுதான் காட்டினேன். முன்பே காட்டியிருந்தால் அது ஒரு பிரசங்கமாகியிருக்கும்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். டெல்டாவில் மழைக்காலம் என்பதால் வெளியில் எதுவும் வைக்க முடியாது. பள்ளி வகுப்பறையில் படிகளையும், வரைபடத்தையும், சிமெண்டுப் பலகைகளையும் வைத்தார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் தங்கள் வயல் எந்தக் கட்டத்தில் வருகிறது என்றுதான் தேடினார்கள். சிலர் தங்கள் நிலத்தில் கிடக்கும் கல்லைப் பற்றிச் சொன்னார்கள். எதையும் தோண்டவோ நகர்த்தவோ வேண்டாம், படம் எடுத்து வட்டாட்சியருக்குத் தகவல் சொல்லலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தோம். மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர், “அப்ப கிடைச்சாலும் கிடைக்கலைன்னுதான் சொல்லணும் போல” என்று சிரித்துக்கொண்டே போனார்.

தரைக்குள் போன வரிகளுக்காகப் பிள்ளைகளே செயல் அலுவலருக்கு ஒரு மனு எழுதினார்கள். முழுத் தரையையும் பெயர்க்கச் சொல்லவில்லை. அடுத்த திருப்பணியின்போது சுவர் ஓரமாக ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் பழைய மட்டத்துக்கு இறக்கி, மழைத்தண்ணீர் வடிய வழி விடலாம் என்று அளவு போட்டுப் படமும் இணைத்திருந்தார்கள். மனு பெற்றதற்கான ஒப்புகை வந்திருக்கிறது. வரைபடத்தில் ஒரு நிலத்தின் பெயர் இன்னும் இரண்டு விதமாகவே இருக்கிறது. எகர ஏகாரத்துக்கு வடிவ வேறுபாடு இல்லாததால் ஒரு குழு ‘செறு’ என்கிறது, இன்னொரு குழு ‘சேறு’ என்கிறது. இரண்டையும் எழுதி, நடுவில் கேள்விக்குறி போட்டு, யார் யார் எந்தப் பக்கம் என்று கீழே கையெழுத்தும் வாங்கியாயிற்று.